நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம்

வெங்கடலட்சுமி தன் சர்வீசில் ஒரு கோட்டைக்கூடத் தப்பாகப் போட்டதில்லை என்று அவளோடு வேலை பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். சொல்பவர்களுக்கு அந்த ஆர்மோனியப் படத்தைப் பற்றித் தெரியாது. எடுத்துக் காட்டினாலும், இதில் தப்பு எங்கே என்றுதான் கேட்பார்கள். படத்தைப் பார்த்தால் யாருக்கும் தப்புத் தெரியாது. வந்த வினையே அதுதான்.

அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஆவாரம்பாளையம். வீதிக்கு நாலு லேத் பட்டறை ஓடுகிற ஊர். ஐ.டி.ஐ.யில் டிராப்ட்ஸ்மேன் படிப்பை முடித்ததும் ஒரு பம்ப் கம்பெனியின் டிராயிங் ஆபீசில் டிரேசராகச் சேர்ந்தாள். என்ஜினியர் பென்சிலில் போட்ட படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை விரித்து, மையால் அப்படியே எடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கேட்பதற்குச் சுளுவாக இருக்கும். உட்கார்ந்து பார்த்தால் கழுத்து போய்விடும். பின்னால் கம்ப்யூட்டர் வந்தது. கூட இருந்த பெண்கள் பலர் வேலையை விட்டுப் போனார்கள். லட்சுமி முணுமுணுத்துக்கொண்டே அதையும் கற்றுக்கொண்டு, ரிட்டையர் ஆகும்வரை அதே நாற்காலியில் இருந்தாள்.

அந்த ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. பம்ப் சாமான்கள் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பவை. முழுசாக வரைவது வெட்டி வேலை. நடுவில் ஒரு கோடு போடுவார்கள். ஒரு நீளக் கோடு, ஒரு குட்டிக் கோடு, மறுபடி நீளம், மறுபடி குட்டி. அதற்கு நடுக்கோடு என்று பெயர். இந்தப் பக்கத்தை மட்டும் வரைந்தால் போதும். அந்தப் பக்கமும் இதேதான் என்று மோல்டிங் போடுகிறவரிலிருந்து கடைசல் பிடிக்கிறவர்வரை எல்லோருக்கும் தெரியும். லட்சுமிக்கு இது வேலையாக மட்டும் இருக்கவில்லை, புத்தியிலேயே ஊறிப்போயிருந்தது. எதையும் பாதி பார்த்தால் போதும், மீதியைக் கை தானாக முடித்துவிடும். மனிதர்களிடம் இந்தக் கணக்குச் செல்லாது என்பது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. அண்ணன் ரங்கராஜிடம் செல்லவில்லை.

கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் இல்லாமல் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் மூலையில் உட்கார்ந்திருக்கும் தங்கச்சி பங்காரம்மாவைப் பார்த்துவிட்டு, "இவங்க யாருகூடங்க இருப்பாங்க?" என்று கேட்டார்கள். "என்னோடதானுங்க" என்றாள் லட்சுமி. அத்தோடு காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அதற்காக அவள் கண்ணைக் கசக்கியதில்லை. நீ ஒரு தியாகி என்று யாராவது ஆரம்பித்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பங்காரு அவளுக்கு நாலைந்து வயது இளையவள். குழந்தையிலேயே, இந்தப் பிள்ளைக்கு மூளை வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் தெலுங்கு, வீதியில் தமிழ் என்று இருந்தால் பிள்ளை குழம்பும், ஏதாவது ஒன்றை மட்டும் பேசுங்கள் என்றும் சொன்னார். நாயுடு வீட்டில் எத்தனையோ தலைமுறையாகப் பேசிய தெலுங்கை அவளுக்காக வாசலோடு நிறுத்தினார்கள். அப்படியும் அவளிடம் சேர்ந்த சொற்கள் கொஞ்சம்தான். கரண்ட் போனால், மிக்சி நின்றால், டிவியில் படம் மறைந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே வாசகம்: "அக்கா, போட்டுடு." அக்கா போய் பியூசை மாட்டுவாள். சில சமயம் கரண்ட் தானாகவே வரும். எப்படி வந்தாலும் அது அக்கா போட்டதுதான். லட்சுமியும் அந்தப் பெருமையை வேண்டாம் என்று சொன்னதில்லை.

அந்த வீட்டு முன்னறையில் ஒரு கால் ஆர்மோனியம் இருந்தது. மடியில் வைத்துக் கையால் காற்றடிக்கிற பெட்டி இல்லை; மேஜை மாதிரி நிற்பது. ஸ்டூலில் உட்கார்ந்து கீழே இருக்கும் இரண்டு மிதிகட்டைகளையும் மாற்றி மாற்றி மிதித்தால் உள்ளே துருத்தியில் காற்று ஏறும். இரண்டு கையும் வாசிக்கச் சும்மா இருக்கும். ஒரு காலத்தில் வசதியுள்ள வீடுகளில் இதை வாங்கி வைத்துக்கொள்வது ஒரு கௌரவம். இது, அம்மாவின் கல்யாணத்தில் சிங்காநல்லூரிலிருந்து மாட்டுவண்டியில் சீரோடு சீராக வந்தது. அதற்கு முன்னால் ஒரு நாடகக் கம்பெனியில் இருந்ததாம். அதற்கும் முன்னால் கப்பலில் வந்ததாம். முகப்பில் ஒரு பித்தளைத் தகடு. அதிலிருந்த வெள்ளைக்கார ஊரின் பெயரை, புளி போட்டுத் துலக்கித் துலக்கி அம்மாவே அழித்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் ஓர் எழுத்துகூட ஏறாத பங்காருவுக்கு அந்த மிதிகட்டை காலில் ஏறியது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, விரலைப் பிடித்து வைத்து வைத்து ஒரே ஒரு பஜனைப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தாள். அதைத் தவிர பங்காரு வேறு எதையும் வாசித்ததில்லை. காலையில் ஒரு தடவை, விளக்கு வைத்ததும் ஒரு தடவை. இத்தனை வருஷமும் அதே பாட்டைக் கேட்டு வீதியில் ஒருவருக்கும் சலிக்கவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஆனால் வாசித்து முடித்தால்தான் அவள் சாப்பிடுவாள், வாசித்து முடித்தால்தான் தூங்குவாள். நமக்குக் குளிப்பது, பல் துலக்குவது எப்படியோ அப்படி.

ஓட்டுக்கூரை ஒழுக ஆரம்பித்ததால் மாற்றிவிடலாம் என்று அம்மாவும் லட்சுமியும் முடிவு செய்தார்கள். வேலை முடியும்வரை துடியலூரில் ஒரு சின்ன வாடகை வீடு. துணிமணி, பாத்திரத்தோடு மூன்று பேரும் போனார்கள். கனத்த சாமான்கள் இங்கேயே இருந்தன. ஓடு பிரிக்க வந்தவர்கள் பின்னறையிலிருந்த இரும்பு பீரோவை முன்னறைக்குத் தள்ளிக்கொண்டுவந்து, ஆர்மோனியத்தின் பாதியை மறைத்து நிறுத்தினார்கள். ஒரு பக்கத்து ஓடு இறங்கியது, தார்ப்பாய் ஏறியது. அந்தச் சமயம் பார்த்து அம்மா போய்விட்டாள்.

காரியம் முடிந்து பந்தலைப் பிரிப்பதற்குள் ரங்கராஜ் ஆரம்பித்தார். வீடு தம் மகன் வம்சிக்குத்தான் என்று அம்மா தம்மிடம் வாயாலேயே சொன்னாளாம். அம்மாவோடு நாள் முழுக்க இருந்த லட்சுமியின் காதில் அப்படி ஒன்று விழவே இல்லை. பேச்சு தடித்தது. ரங்கராஜ் வீட்டுக் கதவில் ஒரு பூட்டைப் போட்டார். லட்சுமி ஆட்டோ பிடித்துப் போய் அதன் மேல் தன் பூட்டைப் போட்டாள். அண்ணன் ஒரு பூட்டு என்றால் நான் என்ன இளைத்தவளா என்ற ரோஷம்தான். கேஸ் கோர்ட்டுக்குப் போனது. தீர்ப்பு வரும்வரை இருப்பது இருக்கிறபடியே இருக்கட்டும், யாரும் உள்ளே போகக் கூடாது, எதையும் நகர்த்தக் கூடாது என்று உத்தரவானது. ஸ்டேட்டஸ் கோ. சொத்துச் சண்டை பார்த்த குடும்பங்களில் குழந்தைகூட இந்த வார்த்தையைச் சுத்தமாகச் சொல்லும். இருக்கிறபடியே என்றால் கூரையும்தான். பாதி ஓடு, பாதி தார்ப்பாய்.

துடியலூர் வீட்டில் பங்காரு முதலில் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஊட்டுக்குப் போலாம், அக்கா." நாளைக்குப் போலாம் என்று லட்சுமி சொல்வாள். ஒரு மாதத்துக்குள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அது நல்லதற்கு இல்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினாள். இடது கையைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கினாள். விளக்கு வைத்ததும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். அவளுடைய இரண்டு காலும் தரையில் மாறி மாறி மிதிக்கும். கை மடியிலேயே கிடக்கும். குதிகாலில் தோல் உரிந்துவிட, லட்சுமி விளக்கெண்ணெய் தடவிவிட்டு, அடுத்த நாள் அங்கே ஒரு தலையணையைப் போட்டாள். பங்காரு தலையணையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மறுபடி மிதித்தாள்.

பஜனை மடத்தில் கேட்டு ஒரு கை ஆர்மோனியப் பெட்டியை இரவல் வாங்கிவந்தாள் லட்சுமி. பங்காரு அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு தூக்கி, அடியில் பார்த்தாள். கால் வைக்க இடமில்லை. வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ஒரு சாமானையாவது வெளியே எடுத்துவிட வேண்டும். லட்சுமிக்கு வேறு ஆசை இல்லை. வீடு எவனுக்கோ போகட்டும் என்ற அளவுக்கு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் துடியலூரில் பஸ் ஏறி, காந்திபுரத்தில் மாறி ஆவாரம்பாளையம் போவாள். தன் வீட்டுச் சன்னல் வழியாகத் திருடியைப் போல எட்டிப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுச் சாமியாத்தாள் ஏறி நிற்க முக்காலி கொண்டுவந்து போடுவாள்.

"ஏனுங்கம்மிணி, நேத்துப் பேஞ்ச மழைக்கு உள்ளார சொட்டுச்சொட்டுனு சத்தங் கேட்டுதுங்க. எங்க ஊட்டுச் செவுத்துல காதை வெச்சுப் பாத்தேன்" என்றாள் சாமியாத்தாள்.

"எந்தப் பக்கமுங்க?"

"அதெப்புடிங்க தெரியும்? இருட்டுக்குள்ள."

சன்னலுக்குக் கொசுவலை அடித்திருந்தது. கண்ணை வலையில் ஒட்டி வைத்துக் கொஞ்ச நேரம் நின்றால், உள்ளே இருட்டு மெல்ல விலகும். ஆர்மோனியத்தின் இடது பாதி தெரியும். கடைசல் கால், ஒரு மிதிகட்டை, மூடியின் வளைவு. அதற்கப்புறம் பீரோ. லட்சுமி போனில் படம் எடுத்துப் பார்த்தாள். வலைதான் விழுந்தது, உள்ளே கறுப்பு. வெளிச்சம் போட்டு எடுத்தால் வலை வெள்ளையாக மின்னியது. ஈர வாடை மட்டும் நன்றாக வந்தது. வாடையைப் படம் பிடிக்க முடியாது.

வக்கீல் சாஜிதா பேகம் கோட்டைமேட்டுப் பெண். வயது முப்பதுக்கு மேல் இருக்காது, கட்சிக்காரர் சொல்வதை முழுசாகக் கேட்கிற வக்கீல். போனில் இருந்த கறுப்புப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணுமே தெரியலீங்களேம்மா. ஜட்ஜ் முன்னாடி இதைக் காட்டி, இந்தச் சாமானை மட்டும் வெளிய எடுக்கணும்னு எப்புடிங்க கேக்கறது? எப்படி இருக்கும்னாச்சும் தெரியணும்ல?"

"நான் வரைஞ்சு தரட்டுங்களா?" என்றாள் லட்சுமி.

"வரைவீங்களா?"

அந்தக் கேள்விக்கு லட்சுமி சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் வந்த சிரிப்பு.

அடுத்த ஞாயிறு முக்காலியில் ஏறி ஏறிப் பார்த்து, பலகையில் தாளைக் கிளிப் போட்டு, டூ ஹெச் பென்சிலால் வரைந்தாள். பார்ப்பதும் இறங்குவதும் வரைவதும் மறுபடி ஏறுவதுமாக மத்தியானம் ஆயிற்று. தெரிந்ததை மட்டும்தான் வரைந்தாள். பீரோ மறைத்த இடத்துக்கு வந்ததும் கை பழக்கத்தில் நடுக்கோட்டை இழுத்தது. நீளம், குட்டி, நீளம், குட்டி. படம் முடிந்தது. கொஞ்சமும் கூட்டாமல் குறைக்காமல் வரைந்த படம் அது. அதை அப்படியே கொடுத்திருக்கலாம்.

வீட்டில் பங்காருவிடம் காட்டினாள். தெரிகிறதா, நம் பெட்டி என்றாள். பங்காரு தாளை வாங்கி உற்றுப் பார்த்தாள். பிறகு திருப்பி, பின்பக்கம் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சாஜிதாவுக்குப் படம் பிடித்திருந்தது. பிடித்திருந்தும் ஒரு சந்தேகம். "இது பாதிதானுங்களேம்மா?"

"நடுக்கோடு போட்டிருக்கேன் பாருங்க. அந்தப் பக்கமும் இதேதான்னு அர்த்தம். பட்டறையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"கோர்ட்டுல பட்டறைக்காரங்க இல்லீங்களே" என்று சிரித்தாள் சாஜிதா. அவ்வளவுதான் சொன்னாள். முழுசாக வரைந்து வாருங்கள் என்று அவள் கேட்கவில்லை. மீதிப் பாதியைக் கண்ணால் பார்க்கவே இல்லை என்று லட்சுமியும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தாள். பட்டறை தெரியாதவர்களுக்குப் பாதிப் படம் கொடுத்தது தன் தப்புத்தான் என்று அவளுக்குத் தோன்றியது. வேலையில் குறை வைத்த மாதிரி ஒரு கூச்சம்.

இடது பக்கத்தை அளந்து அளந்து வலது பக்கத்தை எடுத்தாள். அதே கடைசல் கால், அதே மிதிகட்டை, அதே வளைவு. நடுக்கோட்டை ரப்பரால் அழித்தாள். அழித்த தடம் தெரியாமலிருக்க நடுவில் அந்தப் பித்தளைத் தகட்டை வைத்தாள். பாலிஷ் பளபளப்பு வருகிற மாதிரி லேசாக நிழல் கொடுத்தாள். வாசிக்கக் காத்திருப்பதுபோல் நின்றது ஆர்மோனியம். பார்த்ததும் அவளுக்கே மனசு நிறைந்துவிட்டது. கீழே கையெழுத்துப் போட்டு, மனுவோடு சேர்த்துத் தாக்கல் செய்தாள்.

மனு எடுத்துக்கொள்ளப்பட்ட அன்று ரங்கராஜும் கோர்ட்டுக்கு வந்திருந்தார். இரண்டு பேரும் எதிரெதிர்ச் சுவரோரம் நின்றார்கள். அவருக்கு ஒரு கால் வீங்கியிருந்ததை லட்சுமி பார்த்தாள், கேட்கவில்லை. சாஜிதா நன்றாகத்தான் பேசினாள். தங்கச்சியின் நிலைமையைச் சொன்னாள், குழந்தையிலேயே டாக்டர் சொன்னதைச் சொன்னாள், கூரை பாதி வெறும் தார்ப்பாயாகக் கிடப்பதால் மழையில் சாமான் வீணாகிறது, அவசரம் என்றாள்.

ரங்கராஜின் வக்கீல் எழுந்தார். வயதானவர், அலட்டிக்கொள்ளாதவர். "மழையில வீணாகுதுங்கறாங்க. மனுதாரரே நேர்ல பார்த்து, கைப்பட வரைஞ்சு, கையெழுத்துப் போட்டுத் தாக்கல் செஞ்ச படம் இதுங்க. ஒரு கீறல் இருக்குதுங்களா? ஒரு சொட்டுத் தண்ணி பட்டிருக்குதுங்களா? இதுல அவசரம் எங்கீங்க இருக்குது? இன்னைக்கு இதை எடுத்தா நாளைக்குக் கட்டிலு, நாளான்னிக்கு பீரோ. அப்பறம் ஸ்டேட்டஸ் கோவுக்கு என்னங்க மரியாதை?"

நீதிபதி படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். சட்டென்று கீழே வைக்கவில்லை. அவர் கண் இடது பாதியிலிருந்து வலது பாதிக்குப் போனது. அப்போதுதான், அந்த நிமிஷத்தில்தான், தான் என்ன செய்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"ரொம்ப நல்லா வரைஞ்சிருக்கீங்கம்மா" என்றார் நீதிபதி. மெய்யான பாராட்டுத்தான். "சாமான் நல்ல நிலைமையிலதான் இருக்குது. மெயின் கேஸோட சேர்த்துப் பார்த்துக்கலாம்."

லட்சுமி வாயைத் திறந்தாள். சாஜிதா திரும்பி, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வராந்தாவில் வைத்துச் சொன்னாள். "வலது பக்கம் நான் பாக்கவே இல்லீங்க கண்ணு. பீரோ மறைக்குது. இந்தப் பக்கத்தைப் பாத்து அந்தப் பக்கத்தைப் போட்டேன். நாங்க அப்பிடித்தானுங்க போடுவோம்."

சாஜிதா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட லட்சுமிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"கையெழுத்துப் போட்டுத் தாக்கல் பண்ணினதுங்கம்மா. இப்பப் போயி இதுல பாதி நான் பார்க்காம வரைஞ்சதுன்னு சொன்னா, மீதிப் பாதியும் பொய்னுதான் சொல்லுவாங்க. நாளைக்கு வீட்டைப் பத்தி நீங்க சொல்ற எதையும் நம்பமாட்டாங்க. கொஞ்ச நாள் போகட்டும். வேற மனு போட்டுப் பாக்கலாம்."

கொஞ்ச நாள் போயிற்று. போகிற நாட்களை மழை எடுத்துக்கொண்டது. அந்த வருஷம் ஐப்பசி மழை சொல்லிவைத்தாற்போல் இறங்கியது. துடியலூர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு லட்சுமி மழைச் சத்தத்தைக் கேட்பாள். பங்காருவின் கால் தரையில் மிதிக்கிற சத்தமும் கேட்கும். இரண்டில் எதையும் அவளால் நிறுத்த முடியவில்லை. கை நிறைய வேலை தெரிந்தவள், ஒரு காலத்தில் பத்துப் பேர் கொண்டுவந்து கொடுத்த படத்தை ஒரே மூச்சில் முடித்தவள், சும்மா உட்கார்ந்திருந்தாள். சாவி என்னவோ அவள் இடுப்பிலேயே இருந்தது. அவள் பூட்டின் சாவி. அதை வைத்து எதையும் திறக்க முடியாது.

மானத்தை விட்டு ஒரு நாள் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, நாந்தான். பங்காரு சரியாச் சாப்புடறதில்லீங்ணா. அந்த ஆர்மோனியத்தை மட்டும்..."

எதிர்முனையில் ரங்கராஜ் இருமினார். "வக்கீலு உன்னோட பேசவே கூடாதுன்னு சொல்லிப்போட்டாரு லட்சுமி. நான் என்ன பண்ணட்டும், சொல்லு." அவர் பக்கமும் மழைச் சத்தம் கேட்டது. "எச்சா பேசினா கேஸு கெட்டுப்போகுமாமா. வெச்சரட்டுமா?"

அவரும் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. கடைசியில் போனில் சார்ஜ் தீர்ந்து தானாக நின்றது.

கார்த்திகைக்கு முன்னால் ஒரு காற்று மழையில் தார்ப்பாய் கிழிந்து பறந்துவிட்டது. பொதுச் சுவர் ஊறிச் சாய்கிறது, யார் தலையில் விழப்போகிறதோ என்று சாமியாத்தாள் வீட்டுக்காரர்கள் ஊரைக் கூட்டினார்கள். அதன்பிறகுதான் இரண்டு வக்கீல்களும் கலந்து பேசி, கோர்ட்டில் சொல்லி, சுவருக்கு முட்டுக் கொடுக்க வீட்டைத் திறக்க அனுமதி வாங்கினார்கள். சங்கீதத்துக்குத் திறக்காத கதவு சுவருக்குத் திறந்தது. கூடவே, சேதமான சாமான் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றும் உத்தரவில் இருந்தது. சாஜிதா அதைச் சந்தோஷமாகத்தான் போனில் சொன்னாள்.

காலையிலேயே லட்சுமி பங்காருவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, நல்ல சேலை கட்டிவிட்டாள். கூட்டிப்போகலாமா வேண்டாமா என்று யோசித்தாள். ஆனால் பங்காரு பஸ் காந்திபுரம் தாண்டுவதற்குள் கண்டுகொண்டாள். "ஊட்டுக்கு" என்றாள். லட்சுமியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ரங்கராஜ் முன்னாலேயே வந்து நின்றிருந்தார். வக்கீல்கள் பார்த்திருக்க, அவர் தம் பூட்டைத் திறந்தார். லட்சுமி தன் பூட்டைத் திறக்கப் போனாள், துருப்பிடித்துத் திறக்கவில்லை. ரங்கராஜ் வண்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துவந்து தட்டித் திறந்துகொடுத்தார்.

உள்ளே தரை முழுக்கச் சேறு. வேலையாட்கள் முதலில் பீரோவை நகர்த்தினார்கள்.

நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் அவள் வரைந்தது வரைந்தபடியே இருந்தது. கடைசல் கால், மிதிகட்டை, மூடியின் வளைவு. அந்தப் பக்கம் கால் ஊன்றி நிற்கவில்லை. ஊறி மடங்கி, பெட்டி அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பலகை ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. கட்டைகளுக்கு நடுவே கறையான் மண் கட்டியிருந்தது. கீழே துருத்தியின் தோல் கிழிந்து, எலி கொறித்த பஞ்சும் காகிதமுமாகத் தொங்கியது. துருத்தி மொத்தப் பெட்டிக்கும் ஒன்றுதான். அது போனால் நன்றாக இருக்கும் பாதியும் வெறும் மரம்.

ரங்கராஜ் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து லட்சுமியைப் பார்த்தார். அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குத் தாங்கிக்கொள்ளத் தெரியும்.

"உன்ற படத்துல நல்லாத்தானே இருந்துச்சு லட்சுமி" என்றார். "கோர்ட்டுக்கு வந்தன்னைக்கு, எடுத்துட்டுப் போகட்டும்னு சொல்லிப்போடலாம்னுதான் நெனச்சேன். படத்தைக் காட்டுனாங்க. நீ போட்டது, தப்பாவா இருக்கும்? நல்லாத்தானே இருக்குது, இருக்கட்டும், அவசரமில்லைன்னு உட்டுப்போட்டேன்."

லட்சுமி அந்த மடங்கிய காலைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லலாம். பார்க்காமல் போட்டேன் என்று சொல்லலாம். இரண்டு வக்கீல்கள் நிற்கிறார்கள். சாஜிதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னாலும் இனிமேல் எதற்கு.

இதற்குள் பங்காரு உள்ளே வந்துவிட்டாள். யாரும் பிடிக்கவில்லை. சேற்றில் செருப்பை விட்டுவிட்டு, மூலையிலிருந்த ஸ்டூலை எடுத்து, அது எப்போதும் இருக்கும் இடத்தில் சரியாகப் போட்டாள். சேலை முந்தானையால் மூடியைத் துடைத்தாள். அது திறந்த வரைக்கும் திறந்தாள். உட்கார்ந்தாள். இடது காலுக்கு மிதிகட்டை கிடைத்தது. வலது கால் துழாவி, உடைந்த பலகை ஒன்றின் மேல் போய் நின்றது. அது போதும் என்றிருந்தாள். மிதிக்க ஆரம்பித்தாள். விரல்கள் அம்மா வைத்துக் காட்டிய கட்டைகளில் போய் உட்கார்ந்தன.

துருத்தி புஸ்ஸென்றது. அவ்வளவுதான்.

அவள் நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் வேகமாக மிதித்துப் பார்த்தாள். கையை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தாள். பிறகு திரும்பி லட்சுமியைப் பார்த்தாள். முகத்தில் கவலை இல்லை. இத்தனை மாதமாகக் காணாத தெளிவு வந்திருந்தது. ஊட்டுக்கு வந்தாயிற்று, பெட்டி இருக்கிறது, அக்காவும் இருக்கிறாள்.

"அக்கா, போட்டுடு" என்றாள்.

சொல்லிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள். அக்கா போடும்போது காற்றுத் தயாராக இருக்க வேண்டுமே என்று, கால் ஓயாமல் மிதித்துக்கொண்டிருந்தாள்.